ரெண்டாவது ரேடியேட்டர்

"இன்னொரு ரேடியேட்டர் வேணும் அம்மிணி. ரெண்டு இருந்தும் எஞ்சின் சூடு அடங்க மாட்டேங்குது."

போர்வெல் லாரியை விட்டு இறங்கின காலோடு நாச்சிமுத்து இப்படித்தான் ஆரம்பித்தார். அவருக்கு ஐம்பத்தாறு வயது. ரேடியேட்டருக்கு ஈயம் வைக்கிற வசந்தாமணி அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். ஆனாலும் எஞ்சின் சூடு என்று வந்துவிட்டால், திருச்செங்கோட்டில் நரைத்த தலைகளெல்லாம் அவள் பட்டறை வாசலில்தான் வந்து நிற்கும்.

"தம்பி வரலீங்களாண்ணா?"

"மாரப்பனா? இனி வர வேண்டாம்னு சொல்லிப்போட்டேன். மூணு மணி பஸ்ஸுல வடக்கே போறான், வேற போர்வெல் வண்டிக்கு."

"அப்படி என்ன பண்ணிப்போட்டாரு?"

"ஒண்ணும் பண்ணல. அதுதான் குத்தம். நாலு வருசமா நானே லீவரைப் புடிக்கறேன், நானே ராடு மாட்டறேன், நானே ஓடறேன். அவன் கையைக் கட்டிட்டு நிக்கறான். எருமைகூட வாலையாவது ஆட்டும்."

"மணி ரெண்டுதானே ஆகுது. ஒரு எட்டுப் போயிப் பேசிட்டு வாங்க."

"எஞ்சினைப் பாரு அம்மிணி. விடிஞ்சா குழி போடப் போகோணும்."

வசந்தாமணி ரெண்டு ரேடியேட்டரும் இருக்கிற பக்கம் போனாள்.

"ஓட விடுங்க."

எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடியது.

"இந்த மொத ரேடியேட்டரைத் தொடுங்க."

தொட்டவர் விரலை உதறிக்கொண்டு பின்னால் போனார்.

"அந்த ரெண்டாவதைத் தொடுங்க."

பயந்து பயந்து தொட்டார். பானைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருந்தது.

"பாத்தியா! இதுவும் எந்தம்பியாட்டமே சோம்பேறி. கழட்டி வீசு. பெருசா ஒண்ணு மாட்டு."

"ரெண்டும் ஒரே அளவுங்ண்ணா. இந்த எஞ்சினுக்கு இது தாராளம்."

"அப்போ அடைச்சிருக்கும்."

வசந்தாமணி ரெண்டாவதன் கீழ்த் திருகைத் திறந்தாள். தண்ணீர் மளமளவென்று கொட்டியது.

"பின்னே ஏன் வேலை செய்யல?"

அவள் குழாய் போகிற வழியில் விரலை ஓட்டிக் காட்டினாள்.

"எஞ்சின்ல இருந்து வர்ற சுடுதண்ணி மொதல்ல இதுக்கு வருது. திரும்பிப் போற குழாயும் இதுக்குப் பக்கத்துலயே இருக்குது. போறதும் கிட்ட, வர்றதும் கிட்ட. தண்ணி எதுக்குத் தூரமாப் போகுது? அந்த ரேடியேட்டர் சும்மா நிக்குதுன்னு வையறீங்க. அதுகிட்ட வேலையே வரலீங்களே."

நாச்சிமுத்து குனிந்து குழாயைப் பார்த்தார்.

"குழாய் போட்டது யாருங்ண்ணா?"

"நாந்தான்."

அவள் திரும்பிப் போகிற குழாயைக் கழற்றி, அந்த ரெண்டாவது ரேடியேட்டர் பக்கமிருந்து எடுத்து மாட்டினாள். இப்போது எதன் வழியாகப் போனாலும் தண்ணீருக்கு ஒரே தூரம். இறுக்கி முடித்து, தண்ணீர் ஊற்றி, மறுபடி ஓட விட்டாள்.

நாச்சிமுத்து ரெண்டாவது ரேடியேட்டர்மேல் உள்ளங்கையை வைத்தார். முதலில் வெதுவெதுப்பு. அப்புறம் சூடு. அப்புறம் நல்ல சூடு.

அவர் கையை எடுக்கவில்லை.

"எடுங்கண்ணா, தோலு வெந்துரும்."

"அம்மிணி, மணி என்ன?"

"மூணேகால் ஆச்சுங்ண்ணா."