ஒரு வருட கியாரண்டி

எங்கள் ஊர் ரோடெல்லாம் கான்ட்ராக்டர் தில்லைநாயகம் போட்டது. அவருடைய பைக் டயர் நாலே மாதத்தில் இரண்டாம் முறை கிழிந்தபோது, கோபம் ரோட்டின்மேல் வருமா? டயர் கடை வேலையாள் அற்புதத்தின்மேல் வந்தது.

“ஒரு வருஷத்துக்குக் கிழியாத டயரா எடுத்துப் போடுல. கியாரண்டி எழுதிக் குடு. இல்லேன்னா உனக்கு இங்க வேலை கிடையாது!”

கடைக் கட்டடம் அவருடையது. முதலாளி கணக்கு நோட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

“அதுக்கென்ன அண்ணாச்சி,” என்று அற்புதம் எழுதிக் கொடுத்தான்.

கூடியிருந்தவர்களுக்குக் கேட்கட்டும் என்று தில்லைநாயகம் உரக்கப் படித்தார்: “ஒரு வருட கியாரண்டி. தில்லைநாயகம் போட்ட ரோட்டில் ஓட்டினால் செல்லாது.”

கூட்டம் சிரித்தது.

“ரோடு ஒரு வருஷம் தாங்கும்னு நீங்க எழுதிக் குடுங்க அண்ணாச்சி, அந்த வரியை அடிச்சிர்றேன்,” என்றான் அற்புதம்.

தில்லைநாயகம் காகிதத்தைக் கசக்கினார். “கியாரண்டி எவனுக்குல வேணும்? டயரை மாட்டு!”