கல் தந்த மூச்சு

தங்கச் சுரங்கத்தில் இருபத்திரண்டு வருடம் பாறை உடைத்தவர் சவரிமுத்து. அறுபது வயதுக்கு மேல் அவருக்கு ஓர் ஆசை வந்தது. நிலாவில் சுரங்கம் வெட்டுவது எப்படி என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதைக் கற்றுத்தரக்கூடியவர் யசோதரா என்று கேள்விப்பட்டு, அவருடைய ஆய்வுக்கூடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டார். குருவுக்குச் சீடரைவிட இருபது வயது குறைவு.

நிலாவின் மண்ணைப் போன்ற கல்லைப் பொடித்து, உலையில் உருக்கி, அதிலிருந்து பிராணவாயுவைப் பிரிப்பதுதான் யசோதராவின் வேலை. சவரிமுத்து கல் பொடியைச் சலித்தார். உலையைப் பார்த்துக்கொண்டார். ஒரு சந்தேகம் மட்டும் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் காலையில் கேட்டுவிட்டார்.

"அம்மா, அங்க போய் மனுஷன் பிழைப்பானா?"

"நீங்க எவ்வளவு ஆழத்துல வேலை பார்த்தீங்க?"

"எட்டாயிரம் அடி."

"எப்படிப் பிழைச்சீங்க?"

"மேலேருந்து காத்து அனுப்பினாங்க. அங்கதான் மேலேயும் காத்து இல்லையே."

யசோதரா எழுந்தார். மூலையில் ஓர் இரும்பு அறை இருந்தது. ஓர் ஆள் உட்காரலாம், அவ்வளவுதான். உலையிலிருந்து ஒரு குழாய் அதற்குள் போனது. கதவில் ஒரு சிறு கண்ணாடியும், குழாய் வழியே உள்ளே வரும் பிராணவாயுவின் அளவைக் காட்டும் முள்ளும் இருந்தன. யசோதரா உள்ளே போய் உட்கார்ந்தார்.

"கதவைப் பூட்டுங்க. அந்த முள் சிவப்புக் கோட்டைத் தொட்டா திறங்க. அதுக்கு முன்னால வேண்டாம்."

சவரிமுத்து கதவைச் சாத்தினார். பூட்டினார்.

காற்று தீர்ந்துபோனால் மனிதர்கள் எப்படி இருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். இரண்டு பேரைத் தோளில் போட்டுத் தூக்கி வந்திருக்கிறார். கைப்பிடியிலிருந்து கையை எடுக்காமல் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. முள் அசையவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யசோதரா ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. யசோதராவின் நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. கல்லை உடைத்தால் கல்தான் வரும் என்று நம்பியே கிழவரானவர் சவரிமுத்து. இப்போது அந்தக் கல் ஒரு மனுஷிக்கு மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தது. அவருக்குக் கண் கலங்கியது.

மூன்றாம் மணி கடந்த பிறகு உலைப்பக்கம் படீரென்று சத்தம். குழாய் வெடித்துவிட்டது. முள் மளமளவென்று இறங்கிச் சிவப்பைத் தொட்டது. சவரிமுத்து கதவை இழுத்துத் திறந்தார்.

யசோதரா வியர்வையில் நனைந்து வெளியே வந்தார். சுவரில் சாய்ந்து தண்ணீர் குடித்தார்.

"தோத்துட்டோமா, அம்மா?"

யசோதரா சிரித்தார். சவரிமுத்து அறிக்கைத் தாளை எடுத்தார்.

"நாளைக்கு மேலிடத்துக்கு அறிக்கை போகணும். கூடத்தை நடத்துறதா மூடுறதான்னு அதை வச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க. முடியும்னு எழுதட்டுமா, முடியாதுன்னு எழுதட்டுமா?"

யசோதரா கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணு மணி நேரம் பத்து நிமிஷம் மூச்சு கிடைச்சதுன்னு எழுதுங்க ஐயா. நீங்க வர்றதுக்கு முன்னாடி நாப்பது நிமிஷம்தான் தாங்குச்சு. அதையும் எழுதுங்க."