கொஞ்சம் மூச்சு தின்னும் குழல்

கொம்பூதி செங்கோடனின் மூச்சைப் பற்றி ஆற்றங்கரை ஊர்களில் பல கதைகள் உண்டு. ஒருமுறை அவன் ஊதியபோது புளியமரம் மொத்தமாக உதிர்ந்து, கட்டியிருந்த பரிசல் அறுத்துக்கொண்டு தானாகவே அக்கரை போய்ச் சேர்ந்ததாம். நான் கொஞ்சம் குறைத்தே சொல்கிறேன்.

அப்பேர்ப்பட்ட மூச்சு வயதானதும் சுருங்கிவிட்டது. அதே சமயம் பார்த்து அவன் மனைவி அங்காயிக்குக் காது மந்தமானது. கத்திச் சொன்னால் கேட்கும். கத்த அவனுக்கு மூச்சில்லை. வீட்டில் பேச்சே நின்றுபோயிற்று.

ஊர்க்கோடியில் குழல் செய்யும் நாச்சாயியிடம் சீடனாகப் போய்ச் சேர்ந்தான். குரு அவனைவிட ரொம்ப இளையவள். அவனைப் பெரியவரே என்பாள். அவன் அவளை அம்மா என்பான்.

"கனத்த குரலில் ஒரு குழல் வேண்டும் அம்மா. குயில் கூவினால் அவளுக்குக் கேட்பதில்லை. எருமை கத்தினால் திரும்பிப் பார்க்கிறாள்."

"எருமைக் குரலில் குழலா?"

"ஆமாம். மூச்சு மட்டும் கொஞ்சமாகத் தின்ன வேண்டும்."

நாச்சாயி முதலில் தடித்த மூங்கில் ஒன்றைக் கொடுத்தாள். இரண்டு சுரத்தில் அவனுக்கு இருமல் வந்துவிட்டது. பிறகு நீளமாய், ஒடிசலாய், காற்றுப் போகும் வழி நூலிழை போலிருந்த ஒன்றைக் கொடுத்தாள். தாலாட்டில் ஓர் அடியை ஒரே மூச்சில் முழுசாக ஊதிவிட்டான். நன்றி சொல்லக்கூட மறந்து ஓடினான்.

மறுநாள் துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, முகம் தொங்க வந்து நின்றான். குழல் சரியில்லை என்றான். சாயங்காலம் முழுக்க ஊதியும் அங்காயி தலை நிமிரவில்லை, வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே இருந்தாள் என்றான்.

நாச்சாயி குழலை வாங்கி ஊதிப் பார்த்தாள். பூனை மடியில் படுத்து உறுமுகிற மாதிரி, சின்னதாய்க் கனத்த குரல்.

"எங்கே நின்று ஊதினீர்கள்?"

"அக்கரையில்தான். வேறெங்கே?"

அங்காயி புதுப்பெண்ணாக வந்த நாளில் கொம்புச் சத்தத்தில் அடுக்குப்பானை அத்தனையும் விரிசல் விட்டுவிட்டது. ஊதுவதென்றால் ஆற்றைத் தாண்டிப் போய் ஊது என்று அவள் அவனைப் பரிசலில் ஏற்றித் தள்ளிவிட்டாள். அன்று முதல் எதை ஊதினாலும் அக்கரை போய்த்தான் ஊதுவான். பெண்டாட்டி சொல்லை அவன் ஒருநாளும் தட்டியதில்லை.

"வேறு குழல் தருகிறீர்களா அம்மா?"

நாச்சாயி சிரித்தாள். குழலைத் துடைத்து அவன் இடுப்பிலேயே செருகினாள்.

"குழல் இருக்கட்டும் பெரியவரே. துடுப்பை இங்கே வைத்துவிட்டுப் போங்கள்."