கரண்டி பிரேக்

சுனைக்குன்று மடத்தில் பந்தியில் உட்கார வயது கணக்கில்லை. மடத்துக்கு வந்த நாள்தான் கணக்கு. ஈசான அடிகளுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. சீடர்கள் ஒன்பது பேர். எட்டாவது இலை மருதைக்கு. ஒன்பதாவது இலை வீரபாகுவுக்கு.

வீரபாகுவுக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்தெட்டு வருஷம் போலீசில் இருந்து ஏட்டாக ஓய்வு பெற்றவர். மடத்திலும் எல்லோரும், அடிகள் உட்பட, அவரை ஏட்டையா என்றே கூப்பிட்டார்கள். மருதை மடத்தில் சமையல் செய்தார். அதற்கு முன்னால் திருடினார். வீரபாகு அவருக்கு விலங்கு மாட்டியிருக்கிறார்.

"உன்னை மூணு தடவை புடிச்சவன் நான். இன்னைக்கு உனக்குக் கீழ உக்காந்து சாப்பிடுறேன்" என்று வந்த முதல் நாளே வீரபாகு சொன்னார்.

"ரெண்டு தடவைதான் ஏட்டையா" என்றார் மருதை. "மூணாவது திருட்டு நான் பண்ணல. ஜெயில்ல இருந்தது மட்டும் நான். கூட்டு வைக்கட்டுமா?"

மடத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருவருக்குக் காவி கொடுக்கும் நாளில், அவருக்கு அடுத்த இலைக்காரர் எழுந்து நின்று "தடையில்லை" என்று மூன்று முறை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஒரு வருஷம் தள்ளிப்போகும். சொன்ன தடை மெய்யென்றால் காவிக்கு நின்றவர் மடத்தை விட்டே போக வேண்டும்.

மருதை ஏழு வருஷம் காத்திருந்தவர். வரும் பௌர்ணமிக்கு அவருக்குக் காவி என்று அடிகள் சொல்லியிருந்தார். ஒன்பது நாள் இருந்தது. அன்று மாலை வீரபாகு நோட்டுப் புத்தகத்தோடு அடிகளிடம் வந்தார்.

"நான் தடை சொல்லப் போறேன் சாமி."

"காரணம்?"

"அவன் என்னைக் கொல்லப் பாக்குறான்."

"எதை வெச்சு?"

"சைக்கிளை வெச்சு."

மலைத்தோட்டத்து டாக்டர் ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது மடத்துக்குக் கொடுத்துவிட்டுப் போன சைக்கிள் அது. இப்போதுபோல இரண்டு ரப்பர் கட்டைகள் வந்து சக்கரத்தின் வளையத்தைப் பிடிக்கிற பிரேக் அதில் கிடையாது. கைப்பிடியை அழுத்தினால் ஒரு கம்பி நேரே கீழே இறங்கும். கம்பியின் நுனியில் கரண்டிபோலக் குழிந்த ஓர் இரும்பு. அதன் உள்பக்கம் ஒரு துண்டுத் தோல். அந்தத் தோல் முன்சக்கரத்து டயரின் தலையில் உட்காரும். வண்டி நிற்கும். பிரேக் அது ஒன்றுதான்.

மலைப்பாதை மூன்று மைல். பதினொரு வளைவு. பன்னிரண்டு என்பவர்கள் மடத்து வாசல் திருப்பத்தையும் சேர்த்துக்கொள்கிறார்கள். கீழே சமதரையில் இன்னும் ஒரு மைல் போனால் ஊர். காலையில் வீரபாகு சைக்கிளில் இறங்குவார். பூவும் தபாலும் வாங்குவார். மலையடி வரை ஓட்டிவந்து, அங்கிருந்து தள்ளிக்கொண்டு ஏறுவார்.

வீரபாகு நோட்டைத் திறந்து வாசித்தார்.

"நான் ஓட்ட ஆரம்பிச்சு இன்னையோட நாப்பத்தேழு நாள். பின் டயர் புதுசு மாதிரி இருக்கு. முன் டயர்ல நூல் தெரியுது. ஒரே வண்டி, ஒரே பாதை. ஒரு டயர் மட்டும் எப்படித் தேயும்? யாரோ அரத்தால ராவுறான்."

"சரி."

"ரெண்டாவது. மேல தள்ளிக்கிட்டு வரும்போது பின்னால ஒரு ஆள் புடிச்சு இழுக்கிற மாதிரி கனக்குது. திரும்பிப் பாத்தா ஆள் இல்ல. சக்கரத்துல என்னமோ பண்ணியிருக்கான்."

"சரி."

"மூணாவது. எட்டு நாளைக்கு முன்னால காலையில சைக்கிள் பக்கத்துல கத்தியோட குந்தியிருந்தான். என்னடான்னு கேட்டேன். சும்மா பாத்தேன்னான். திருடன் சும்மா பாக்குறதைத்தான் சாமி நாங்க இருபத்தெட்டு வருஷம் பாத்தோம். அவன் போனதும் சோதிச்சேன். முன்னாடி கரண்டியில கறுப்புத் தோல் இருந்தது. இப்ப இருக்கிறது பழுப்புத் தோல்."

"பிரேக்கை முழுசா சோதிச்சீங்களா?"

"உறுப்பு உறுப்பா எழுதியிருக்கேன். ஒண்ணு, கைப்பிடி, அழுத்த. ரெண்டு, கம்பி, இறங்க. மூணு, கரண்டி, டயரைப் புடிக்க. நாலு, தோல், வழுக்காம இருக்க. அஞ்சு, கம்பியைச் சுத்தி ஒரு ஸ்பிரிங். பயன் தெரியவில்லை."

"மருதையைக் கூப்பிட்டுக் கேப்பமா?"

"கேட்டா ஒத்துக்குவானா? கையும் களவுமாப் புடிக்கணும். ஸ்டேஷன்ல ஒரு வழி உண்டு. திருடன் தொடுற இடத்துல சாயம் பூசி வெச்சுடுவோம். தொட்டவன் கையே சாட்சி சொல்லும்."

அடிகள் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"மடத்துல காவி இருக்கு" என்றார். "பூசுங்க."

வீரபாகு விளக்கெண்ணெயில் காவியைக் குழைத்தார். எண்ணெயில் குழைத்தால் எளிதில் காயாது. தோல் குடிக்கிற மட்டும் பூசினார். கரண்டியின் ஓரங்களிலும் அப்பினார். டயரில் ஒரு பொட்டுகூடப் படாமல் துணியால் துடைத்து, ஒருமுறைக்கு இருமுறை குனிந்து பார்த்தார்.

மறுநாள் காலை சமையலறை வாசலில் போய் நின்றார்.

"கையைக் காட்டு."

மருதை இரண்டு கையையும் நீட்டினார். இரண்டும் முழங்கை வரை சிவப்பாக இருந்தன.

வீரபாகு அந்தக் கைகளை விடாமல் பிடித்துக்கொண்டு அடிகளைக் கூப்பிட்டார். அடிகள் வந்தார். மற்ற ஏழு பேரும் வந்தார்கள். ஏழு பேரில் மூத்தவர் சொன்னார்:

"காவி வாங்குறவர் தன் துணிக்குத் தானே காவிக்கல் அரைக்கணும் ஏட்டையா. மருதை ஆறு நாளா அரைக்கிறார். நீங்க நேத்து எடுத்ததும் அவர் அரைச்சதுதான்."

ஒருவர் சிரித்தார். மருதை சிரிக்கவில்லை.

"கையை விட்டீங்கன்னா பருப்பை எறக்கிருவேன்" என்றார். "அடிப்புடிக்குது."

வீரபாகு கையை விட்டார். அடிகள் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார்.

"இது தெரிஞ்சுதானே சாமி காவி இருக்குன்னு சொன்னீங்க?"

"பூ வாங்க நேரமாச்சு" என்றார் அடிகள்.

இப்போது அடிகள்மீதும் சந்தேகம் வந்துவிட்டது. அந்த நினைப்போடு வீரபாகு சைக்கிளை எடுத்தார். கரண்டியைத் துடைக்க மறந்துபோனார். இறங்கினார், பூ வாங்கினார், தபால் வாங்கினார், தள்ளிக்கொண்டு ஏறினார். வந்து சேரும்போது உச்சி வேளை. வேட்டி வேர்வையில் நனைந்திருந்தது.

"இன்னைக்கும் இழுத்தான்" என்றார்.

சாப்பாடு முடிந்ததும் அடிகள் செருப்பை மாட்டினார்.

"வாங்க ஏட்டையா. கொஞ்சம் நடந்துட்டு வருவோம்."

சுண்ணாம்புக்கல் கொட்டிய பாதை அது. வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. வாசலிலிருந்தே அதில் ஒரு சிவப்புக் கோடு இறங்கிப் போயிற்று.

வீரபாகு குனிந்து தொட்டுப் பார்த்தார். முகர்ந்தார்.

"விளக்கெண்ணெய். நான் குழைச்சது. எவனோ எடுத்து ஊத்தியிருக்கான்."

"ஊத்தினா இவ்வளவு நேரா வருமா?"

"வராது." அவர் இன்னும் குனிந்து பார்த்தார். "டயர் தடம். சரி, நான் ஒரு தடவை பிரேக் புடிச்சிருப்பேன். அதுல ஒட்டினதைச் சக்கரம் கொஞ்ச தூரம் சுமந்திருக்கு."

"எவ்வளவு தூரம் சுமக்கும்?"

"நாலு சுத்து. மிஞ்சினா பத்து."

அடிகள் நடந்தார். வளைவு வந்தது.

"ஒண்ணு" என்றார்.

கோடு வளைந்து கூடவே வந்தது. இரண்டாவது வளைவுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே இருநூறு அடி நேர்ப்பாதை. சரிவும் அதிகமில்லை. அங்கும் கோடு இருந்தது.

"இங்க எதுக்குப் புடிச்சீங்க?"

"வளைவுல அவன் கல்லு எதாச்சும் வெச்சிருப்பான்னு."

"வெச்சிருந்தாரா?"

"இன்னைக்கு வைக்கல."

நான்கு என்றார் அடிகள். ஐந்து என்றார். ஐந்தாவது வளைவு வரை வீரபாகு ஏதேதோ காரணம் சொல்லிக்கொண்டு வந்தார். ஏழாவதில் பேச்சு நின்றுபோயிற்று. பதினொன்றும் முடிந்து இருவரும் சமதரைக்கு வந்தார்கள். எலுமிச்சம்பழத்தை வைத்தால் உருளாத இடம் அது. கோடு மெலிந்து நூல்போல ஆகியிருந்தது. ஆனால் அறவில்லை. ஊர் வரை போயிற்று.

அவர்கள் ஊருக்குள் போகவில்லை. திரும்பினார்கள்.

ஏறும்போது பாதையின் மறுபக்கம் அடிகள் நடந்தார். அங்கே இன்னொரு கோடு இருந்தது. பூஞ்சையாக, அங்கங்கே திட்டுத் திட்டாக. அதன் ஓரத்திலேயே ஒரு ஆளின் செருப்புத் தடம். வீரபாகு அதன் பக்கத்தில் தன் காலை வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது.

"இது ஏறுன கோடு" என்றார் அடிகள். "பின்னால யாரு புடிச்சு இழுத்தது ஏட்டையா?"

வீரபாகு தன் வலது கையைப் பார்த்தார். நாற்பத்தெட்டு நாளில் நான்கு விரல்களின் நடுக்கணுவிலும் காய்த்திருந்தது. அதை அவர் நோட்டில் எழுதவில்லை.

மடத்து வாசலுக்கு வந்ததும் அவர் நின்றார்.

"டயர் நான் தேய்ச்சது. சரி. இழுத்தது என் கை. சரி. கத்தி? தோல்? அதுக்கு என்ன சொல்றீங்க?"

அடிகள் கொல்லைப் பக்கம் நடந்தார். வீரபாகு பின்னால் போனார். சமையலறைப் பின்வாசலில் மருதையின் செருப்பு கிடந்தது. காட்டில் விறகு பொறுக்கப் போகும்போது போடுவது. இடது செருப்பின் குதிகாலில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு இல்லை.

அதை வீரபாகு ஏற்கெனவே பார்த்திருந்தார். நோட்டில் ஏழாம் பக்கத்தில் இருந்தது. இடது செருப்பு, குதிகாலில் வெட்டு, தடம் பிடிக்க உதவும் என்று எழுதி அடியில் கோடும் போட்டிருந்தார்.

செருப்பை எடுத்துக்கொண்டு போய்ச் சைக்கிளின் அருகே உட்கார்ந்தார். கரண்டியில் இருந்த தோலைத் துடைத்தார். காவி போனதும் பழுப்பு தெரிந்தது. வெட்டு விளிம்பை விளிம்போடு சேர்த்துப் பார்த்தார். திருப்பி ஒருமுறை பார்த்தார். பிறகு செருப்பைக் கையில் பிடித்தபடியே சமையலறைக்குள் போனார்.

மருதை காவிக்கல் அரைத்துக்கொண்டிருந்தார்.

"பழைய தோல் என்னாச்சு?"

"தேஞ்சு போச்சு ஏட்டையா. ஆணித்தலை வெளிய வந்து டயரைக் கடிச்சுக்கிட்டு இருந்துச்சு. ஏழாவது வளைவுல டயர் வெடிச்சா நீங்க பள்ளத்துலதான்."

"அன்னைக்கே ஏன் சொல்லல நீங்க?"

மருதை கையை நிறுத்தினார்.

"சொன்னா செருப்பு யாரோடதுன்னு கேப்பீங்க."

வீரபாகு செருப்பைக் கீழே வைத்தார். ஜோடியின் பக்கத்தில், நேராக வைத்தார்.

"தடையில்லை" என்றார்.

"பௌர்ணமிக்குத்தான் கேப்பாங்க ஏட்டையா. அதுக்கு எட்டு நாள் இருக்கு. மூணு தடவை சொல்லணும், ஞாபகம் வெச்சுக்குங்க." மருதை மறுபடி அரைக்க ஆரம்பித்தார். "மூணாவதுல உங்களுக்குக் கணக்குத் தப்பும்."

வெளியே அடிகள் சைக்கிளைச் சுவரில் சாத்தி, முன்சக்கரம் தரையைத் தொடாதபடி அடியில் கட்டை கொடுத்து, சக்கரத்தைக் கையால் தள்ளிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வீரபாகு வந்து பக்கத்தில் நின்றார்.

"ஒண்ணு கேக்கணும் சாமி. மலை செங்குத்து. பதினோரு வளைவு. பள்ளம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும், பள்ளத்துக்கு என்னைத் தெரியாது. புடியை விட்டா எப்படி இறங்குறது? பிரேக்கே வேண்டாங்கிறீங்களா?"

"இல்லாம இறங்க முடியாது."

"பின்ன?"

"அஞ்சாவதா ஒண்ணு எழுதினீங்களே."

"ஸ்பிரிங். அது ஒரு வேலையும் செய்யல சாமி. நாப்பத்தெட்டு நாளாப் பாக்குறேன். அசையவே இல்ல."

அடிகள் அவருடைய வலது கையை எடுத்துக் கைப்பிடிமேல் வைத்தார். விரல்கள் தாமாகவே மடங்கி அழுத்தின. கம்பி இறங்கியது. சக்கரம் நின்றது.

பிறகு அடிகள் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது விரல் விலகியதும் டக்கென்று கம்பி மேலே போயிற்று. கரண்டிக்கும் டயருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. அடிகள் சக்கரத்தைத் தட்டிவிட்டார். அது சத்தமில்லாமல் சுற்றியது. வீரபாகு சுற்றும் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழுத்துறதுக்கு இதைச் செஞ்சவன் ஒண்ணும் வைக்கல ஏட்டையா" என்றார் அடிகள். "மனுஷன் கை தானா அழுத்தும்னு அவனுக்குத் தெரியும். எடுக்குறதுக்குத்தான் ஸ்பிரிங் வெச்சான்."