தண்டோரா போடாத பேச்சு

ஒரு ஊர்ல, யாராச்சும் கொட்டாவி விட்டா நிறுத்திப்புடுவேன் ஆமா, ஒரு ஊர்ல சடைச்சின்னு ஒருத்தி இருந்தா. கண்மாய்க்குக் கீழ அவளுக்கு ஒரே ஒரு வயலு. நெல்லு பால் பிடிக்கிற நேரம். மூணு நாள் தண்ணி இல்லேன்னா அம்புட்டும் பதராப் போயிரும்.

அந்தச் சீமையில ஒரு வழக்கம். ராஜா ஆயிரம் பேசுவாரு. மூணு தெருவுலயும் தண்டோரா போட்டாத்தான் அது உத்தரவு, மீறக்கூடாது. போடலையா, வெறும் பேச்சு. கேட்டாக் கேளு, கேக்காட்டிப் போ. போன வருசம் நாட்டாமை குருந்தப்பனே ராஜாகிட்ட நச்சரிச்சு ஒண்ணு போட வச்சிருந்தான்: "உத்தரவில்லாம மடைய அடைக்கிறவன் கோடையில கண்மாய் பூராவும் தனி ஆளாத் தூரெடுக்கணும்!" ஏழைபாழைக மாட்டும்னு அவன் நெனப்பு.

அப்புறம் ஒருநா அரமனைக்குப் போனான். ராஜா வெத்தல மென்னுக்கிட்டே, "ஒன் மேட்டு வயலுக்கே தண்ணி பூராம் போனா நல்லாத்தான் இருக்கும்"னாரு. அவ்வளவுதான்! ஓடியாந்தான், சடைச்சியோட மடைய அடச்சுப்புட்டான்.

"நாட்டாமய்யா, தண்டோரா போட்டாகளா?"ன்னா சடைச்சி.

"ராஜாவே சொன்னாரு!"

மறுநாளும் போய், "தண்டோரா போட்டாகளா?"

"ராஜா வாயாலயே சொன்னாரு!"

மூணாம் நாளும் போய், "தண்டோரா போட்டாகளா?"

"போடி, வேலையப் பாத்துக்கிட்டு!"

பயிரு வாடி மஞ்சளாயிருச்சு, இன்னும் ஒரு பொழுது போனா பதருதான். ஐயோன்னு அழுதா. அழுதுட்டு, சேலைய வரிஞ்சு கட்டிக்கிட்டுக் குதிச்சா பாரு, மடையத் தொறந்தே விட்டுட்டா! தண்ணி குபுகுபுன்னு பாயுது!

குருந்தப்பன் அவள அரமனைக்கே இழுத்துட்டுப் போயி, "ராஜா, ஒங்க உத்தரவ மீறிட்டா!"ன்னான்.

"எந்த உத்தரவுய்யா? நான் சும்மா என் மனசுல பட்டதச் சொன்னேன். அதுக்காக அடுத்தவ மடைய அடப்பியா? போன வருசம் நீ போட வச்ச தண்டோரா என்னாச்சு?"

குருந்தப்பன் தடால்னு கால்ல விழுந்தான். ராஜாவுக்கு மனசு எளகி, "பாவம்யா, விட்டுரலாம்"னாரு.

சடைச்சி விடுவாளா? "ராஜா, இதத் தண்டோரா போட்டுச் சொல்றீகளா, வெத்தல மென்னுக்கிட்டுச் சொல்றீகளா?"

ராஜா வாயத் தொடச்சுப் பாத்தாரு. கையெல்லாம் செவசெவன்னு சாறு! விழுந்து விழுந்து சிரிச்சாரு. "வெத்தலதான் தாயி, வெத்தலதான்!"

கோடையில குருந்தப்பன் தனி ஆளாக் கூடை கூடையா மண்ணு சுமந்தான். சடைச்சி வீட்ல புதுநெல்லுச் சோறு கொதிச்சுச்சு. சோறும் வெந்துச்சு, கதையும் வெந்துச்சு, எறக்கி வச்சாச்சு!