உத்தண்டராயர் பரிசல்

முன்னொரு காலத்தில், மழைக்கும் ராஜாவுக்கும் எப்போது என்ன தோன்றும் என்று யாருக்கும் தெரியாத செம்பாறை நாட்டைக் கோலாகலவர்மன் ஆண்டுவந்தார்.

அங்கே ஆற்றைக் கடக்க ஊர்ப்பரிசல்தான். அதை ஒருவர் செய்ததாகச் சொல்ல முடியாது. ஒருவர் மூங்கிலை வளைத்தார், இன்னொருவர் தோல் போர்த்தினார், அதைப் பார்த்த மற்றொருவர் இன்னும் அகலமாகச் செய்தார். யார் வேண்டுமானாலும் செய்யலாம், திருத்தலாம், ஓட்டலாம்.

மூங்கிலும் தோலும் கொடுத்துவந்தவர் அரசவைப் பிரபு உத்தண்டராயர். நல்ல மனசோடுதான் கொடுத்தார். ஆனால் மந்திரி செங்கமலத்தை ராஜா புகழும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும். தன் பெயரையும் நாலு பேர் சொல்ல வேண்டாமா? ஒருநாள் ராஜாவிடம் போய், இனி எல்லாப் பரிசலிலும் தன் மயில் முத்திரை இருக்க வேண்டும், 'உத்தண்டராயர் பரிசல்' என்றே அழைக்க வேண்டும், மறுப்பவர் துறையில் இறங்கக் கூடாது என்று கேட்டார். ராஜா பலாச்சுளை தின்ற சந்தோஷத்தில் இருந்தார். சரி என்றுவிட்டார்.

பரிசல்காரர்கள் மந்திரியிடம் ஓடினார்கள். துறையை விட்டால் பிழைப்பு ஏது? செங்கமலம் சபையில் எழுந்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"பிரபுவே, பெயர் உங்களுடையது என்றால், அந்தப் பெயருக்கு வரும் பழியும் உங்களுடையதுதானே?"

"பழியா? புகழ்தான் வரும். எது வந்தாலும் என் வாசலுக்கே வரட்டும்" என்று மீசையை முறுக்கினார் ராயர்.

வந்தது. ஓட்டைப் பரிசலில் புளிமூட்டை நனைந்த வியாபாரி வந்தார். சுழன்று சுழன்று தலை கிறுகிறுத்து, வேறு ஊர்க் கல்யாணப் பந்தலில் போய் உட்கார்ந்துவிட்ட மாப்பிள்ளை வந்தார். அவரைத் தேடிப் பெண் வீட்டாரும் வந்தார்கள். அந்தப் பரிசலைத் தான் செய்யவில்லை என்று ராயர் கெஞ்சினால், எல்லாரும் மயிலைக் காட்டினார்கள். அவருக்குப் போட்ட சாப்பாட்டு இலை காய்ந்தே போனது.

இதைக் கேள்விப்பட்ட ராஜாவுக்குத் தானும் சுழல ஆசை வந்துவிட்டது. மந்திரியையும் ராயரையும் கூட்டிக்கொண்டு துறைக்குப் போய், தான் மட்டும் ஏறினார். பரிசல் பம்பரமாய்ச் சுற்றியது, ராஜா குழந்தை மாதிரிச் சிரித்தார், கிரீடம் ஆற்றில் விழுந்தது. சிரிப்பு நின்றது.

"யாருடைய பரிசல் இது?"

கரை முழுவதும் ராயரைப் பார்த்தது. அவர் தொப்பென்று தரையில் விழுந்து, "ஊராருடையது மகாராஜா. நான் மூங்கில் கொடுத்தவன், அவ்வளவுதான்" என்றார்.

"ஊராருடையது என்றால் ஊரே தேடித் தரும்" என்றார் செங்கமலம். சொல்லி முடிப்பதற்குள் துறையில் நின்ற அத்தனை பேரும் தண்ணீரில் குதித்தார்கள். பாசி தொங்கக் கிரீடம் மேலே வந்தது.

ராஜா மயில் முத்திரைகளை ராயர் கையாலேயே சுரண்ட வைத்தார். தன் முத்துமாலையைக் கழற்றிச் செங்கமலத்திடம் கொடுத்தார். பிறகு கண் மின்ன, இவ்வளவு நல்ல பரிசலுக்குத் தன் பெயரை வைத்தால் என்ன என்று கேட்டார்.

"தாராளமாக வைக்கலாம் மகாராஜா. நாளையிலிருந்து புகார் சொல்ல வருகிறவர்களை அரண்மனைக்கே அனுப்பிவிடுகிறேன்."

ராஜா ஈரக் கிரீடத்தைத் தலையில் சரிசெய்துகொண்டார்.

"ஊர்ப்பரிசல் என்பதே காதுக்கு நன்றாக இருக்கிறது" என்றார்.