மருந்து வாங்கும் இடம் வரை

டாக்டர் அருமைநாயகத்துக்கு வயது ஐம்பத்திமூன்று. இருபத்தைந்து வருஷம் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்துவிட்டு, சர்க்கரை நோயை முறையாகப் படிக்க வேண்டும் என்று ஒரு வருஷப் படிப்பில் சேர்ந்திருந்தார். அவருக்கு ஆசிரியை டாக்டர் சுலைகா பீவி, அவரைவிடப் பத்து வயது இளையவர். அதில் அவருக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. பாடம் நடந்தால் முதல் ஆளாக நோட்டை விரிப்பார்.

அவர் நல்லவர். கொஞ்சம் சத்தம் போடுகிற நல்லவர். சொந்தக் காசில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்திருந்தார். 'தினமும் அதிகாலை அரை மணி நேரம் நடக்கவும்.' ஒவ்வொரு சீட்டிலும் பலமாக ஒரு குத்து.

ஒரு செவ்வாய்க்கிழமை சர்க்கரை நோய்ப் பிரிவுக்குக் கடைசியாக வந்தவர் பேச்சித்தாய். பீடி சுற்றுகிறவர். விடிந்ததிலிருந்து மடியில் தட்டோடு உட்கார்ந்தபடிதான் வேலை. இரண்டு கண்ணிலும் புரை. சர்க்கரை இறங்காததால் கண் ஆபரேஷனை மூன்று முறை தள்ளிப்போட்டுவிட்டார்கள். நூல் கட்டும் இடம் தெரியாமல் பாதி பீடி வீணாகிறது என்று முன்பே சொல்லியிருந்தார்.

"ஊசி போடுதீங்களா?"

"போடுதேன் டாக்டர்."

"நடக்கீங்களா?"

"நடக்கேன்."

நடந்த நேரத்தைக் குறிக்கும் நோட்டைப் பேச்சித்தாய் நீட்டினார். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே 'அரை மணி' என்று இருந்தது. எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு. ஒரே இருப்பில் எழுதியது என்று எவருக்கும் தெரியும்.

"பொய் எழுதினா கண்ணு தெரிஞ்சிருமா?" என்று அருமைநாயகம் சத்தம் போட்டார்.

பேச்சித்தாய் தலையைக் குனிந்துகொண்டார். "நடக்கேன் டாக்டர்" என்றார் மறுபடியும், இன்னும் மெதுவாக.

அருமைநாயகம் பக்கத்து மேசைக்குப் போனார்.

"மேடம், அறுபது யூனிட் வரைக்கும் வந்தாச்சு. எண்பது ஆக்கலாமா? இவ்வளவு இன்சுலின் போயும் செல்லு ஏன் கேக்க மாட்டேங்குது?"

சுலைகா பேனாவை மூடினார். "செல்லோட மேல்தோல்ல இன்சுலினைப் பிடிக்கிற புரதம் இருக்குல்ல சார். இன்சுலின் எந்நேரமும் வந்து தட்டிக்கிட்டே இருந்தா அது என்ன செய்யும்?"

"உள்ள போயிடும்."

"உள்ள போய்?"

"கொஞ்சம் அழியும். மிச்சம் உள்ளயே கிடக்கும். தட்டுறது குறைஞ்சா மேல வரும்."

"வேற வழியே இல்லன்னா எண்பது போடத்தான் வேணும். வேற வழி இருக்கா?"

அருமைநாயகம் பரீட்சையில் எழுதுவதைப்போல ஒப்பித்தார். "சர்க்கரையை உள்ள விடுற புரதம் தனியா இருக்கு. அது செல்லுக்குள்ள பதுங்கி இருக்கும். இன்சுலின் சொன்னா மேல வந்து வழி விடும். ஆனா நடந்தா, தசை அசையற அசைவுக்கே வந்துடும். இன்சுலின் சொல்லணும்னு இல்ல." பிறகு அலுத்துக்கொண்டார். "அதைத்தான மேடம் ஆறு மாசமா சொல்லுதேன். நடக்க மாட்டேங்காங்களே."

சுலைகா எழுந்து பேச்சித்தாயிடம் போனார்.

"மருந்து வாங்கத்தான போறீங்க? வாங்க, நானும் வாரேன்."

மருந்து கொடுக்கும் இடம் பழைய கட்டடத்தின் கோடியில் இருந்தது. நீளமான வராந்தா, இரண்டு திருப்பம். பெண்கள் இருவரும் முன்னால் நடந்தார்கள். நோட்டைப் பிடித்துக்கொண்டு அருமைநாயகம் பின்னால் போனார்.

முதல் திருப்பத்தில் சுலைகா கொஞ்சம் பின்தங்கினார்.

"எனக்கு முழங்கால் வலி. மெதுவாப் போவோம்" என்றார் சுலைகா. பேச்சித்தாய் சிரித்துவிட்டு நடையைக் குறைத்தார்.

இரண்டாவது திருப்பத்தில் எதிரே ஒரு ஆள் வேகமாக வந்தார். பேச்சித்தாய் சட்டென்று சுவரோரமாக ஒதுங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுலைகாவும் கூடவே ஒதுங்கி நின்றார். ஆள் போனதும் இருவரும் மறுபடி நடந்தார்கள்.

கொஞ்ச தூரம் போனபின் பேச்சித்தாய் தானாகவே சொன்னார்.

"பழகிப்போச்சு டாக்டரம்மா. அவுக போய் நாலு வருஷம் ஆவுது. விடியக்காலம் நான் ரோட்டுல வந்தா, வேலைக்குப் போறவுக திரும்பி வீட்டுக்குள்ள போயிருதாவ. தாலியறுத்தவ எதுக்க வரக்கூடாதுல்லா. ஒருநா எங்க கொழுந்தனே என்னயப் பாத்து பைக்க நிப்பாட்டி, வீட்டுக்குள்ள போயி உக்காந்து தண்ணி குடிச்சுட்டுக் கிளம்புனான். அன்னையில இருந்து வாசலைத் தாண்டல. நோட்டுல மட்டுந்தான் நடந்தேன்."

கையில் இருந்த நோட்டைப் பார்க்கவே அருமைநாயகத்துக்கு வெட்கமாக இருந்தது.

"சாயங்காலம்?" என்றார் சுலைகா.

"சாயங்காலம் யாரு என்ன சொல்லப் போறா? எல்லாரும் சுத்துன பீடியக் கொண்டுக்கிட்டுப் பீடிக்கடைக்குப் போவாவ. எனக்குள்ளதைப் பக்கத்து வீட்டு மதினி கொண்டு போறா." பேச்சித்தாய் கொஞ்சம் யோசித்தார். "ஒரு மைலுக்கு மேல இருக்கும். மதினி கூடன்னா நானும் போவலாம்."

அன்றைக்கு மருந்து கொடுக்கும் இடத்தில் நின்றபடி அருமைநாயகம் சீட்டில் அறுபது யூனிட்டே எழுதினார். எல்லாரும் போனபின் ஒரு பிளேடை எடுத்து, ஸ்டாம்பிலிருந்த 'அதிகாலை' என்ற சொல்லை மட்டும் சுரண்டி எடுத்தார்.

மூன்று மாதம் கழித்து பேச்சித்தாய் வந்தார். சர்க்கரை இறங்கியிருந்தது. கண் பிரிவில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். நோட்டில் எழுத்து கோணல்மாணலாக, வேறு வேறு மையில் இருந்தது. ஒரு நாள், 'மழை, போகல.' இன்னொரு நாள், 'மதினிக்குக் காச்சல், போகல.'

அருமைநாயகம் அந்த 'போகல'க்களைத் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு பக்கத்து மேசைக்குப் போனார்.

"மேடம், ஆறு மாசமா எத்தனை தடவை கேட்டிருப்பேன். ஒரு உண்மை சொல்லல. நீங்க அன்னைக்கு எப்படிக் கேட்டீங்க?"

சுலைகா பீவி நிமிர்ந்து பார்த்தார்.

"நான் எங்க சார் கேட்டேன்? கூட நடந்தேன்."